ஈட்டி தேடிப் போய் பலாவோடு திரும்பிய கதை

கேரளத்து ஷொர்ணூரில் நிலம்பூர் ரயில் ஏறும்போது ஜன்னல் ஓரத்தை மட்டும் பிடித்துவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். 66 கிலோமீட்டர் ஒற்றைத் தடம், நெடுக தேக்கு, சில இடங்களில் கையை நீட்டினால் இலை தட்டும். காட்டு மரத்தை இறக்கத்தான் 1920களில் வெள்ளைக்காரன் இந்தப் பாதையைப் போட்டான். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய், 1954-இல் மறுபடி போட்டார்கள். நானும் மரத்துக்காகத்தான் போனேன். லாரி லோடு எல்லாம் இல்லை, ஒரு கிதாருக்கு முதுகும் பக்கவாட்டும் ஆகிற அளவுக்குக் கொஞ்சம் ஈட்டி, அவ்வளவுதான்.

ஈட்டி என்றால் தோதகத்தி, அதாவது ரோஸ்வுட். பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது சிரமமானதும் 1969 வாக்கில் அமெரிக்காவின் மார்ட்டின் கிதார் கம்பெனி நம்ம ஊர் ஈட்டிக்கு மாறியது, அதிலிருந்து உலகத்தில் பாதிப் பேர் ஆசைப்படும் கிதார் முதுகு மேற்குத் தொடர்ச்சி மலையில் இருந்து போனதுதான். கோயமுத்தூரில் உட்கார்ந்துகொண்டு அதை ஆன்லைனில் வாங்கி ஏமாந்த ஆள் நான். போன வருஷம் 'ரோஸ்வுட்' என்று வந்த பலகையை இழைத்தால் உள்ளே வெளிறிய ஏதோ ஒரு மரம், மேலே சாயம். அதனால்தான் இந்த முறை கண்ணால் பார்த்துத்தான் வாங்குவது என்று கிளம்பினேன். மேல்பலகை பிரச்சினை இல்லை, அதற்கு ஸ்ப்ரூஸ் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறேன், அது குளிர்தேசத்து மரம், இங்கே தேடிப் பிரயோஜனம் இல்லை.

நிலம்பூரில் இறங்கியதும் எல்லாரும் போகிற தேக்கு மியூசியத்துக்கு நானும் போனேன். கனோலி பிளாட் என்கிற பழைய தேக்குத் தோட்டமும் பார்க்க வேண்டியதுதான், 1840களில் நட்ட தேக்கு இன்னும் நிற்கிறது, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். ஆனால் கிதாருக்குத் தேக்கு வேண்டாம். மரத்தில் இருக்கும் எண்ணெயால் ஒட்டும் பசை சரியாகப் பிடிக்காது, உளியையும் சீக்கிரம் மழுக்கிவிடும்.

மில்லுக்குப் போனது மறுநாள் காலை. அங்கே ஈர்ச்ச மில் என்பார்கள், நம்ம ஊர் மர அறுப்பு மில்தான். நண்பனுக்குத் தெரிந்த ஒரு இக்கா (அங்கே முஸ்லிம் அண்ணன்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), அறுபது வயதுக்கு மேல் இருக்கும், நாற்பது வருஷமாக அறுத்துக்கொண்டிருக்கிறார், கூடலூர்ப் பக்கம் வேலை பார்த்ததால் தமிழ் நன்றாக வரும். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "மோனே, ஈட்டி நிறைய பேரு கேப்பாங்க. பாத்தா அடையாளம் தெரியுமா?"

தெரியும் என்று நினைத்திருந்தேன். மூன்று துண்டு எடுத்துப் போட்டார், மூன்றுமே மேலே தூசியும் கருப்புமாக ஒரே மாதிரி. நிறத்தை நம்பாதே என்றார். உளியால் ஒரு முனையில், குறுக்குவெட்டில், சீவினார், எச்சில் தொட்டுத் தேய்த்தார். முதல் துண்டில் ஊதா கலந்த காப்பி நிறம், அதில் கருப்பு வரி, சீவிய சுருளை முகர்ந்தால் லேசான இனிப்பு வாசனை. அது ஈட்டி. இரண்டாவது பொன்பழுப்பு, பட்டை பட்டையாக, வாசனை கிடையாது. ஷீஷம், வடநாட்டு மரம், ஈட்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி, இதையும் ரோஸ்வுட் என்றே விற்பார்கள். மூன்றாவதில் அரை மில்லிமீட்டர் சீவியதும் நிறமே போய்விட்டது, நான் ஏமாந்த அதே சாயக்கேஸ். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துப் பார்க்கலாமே என்றேன். "அசல் ஈட்டியும் ஸ்பிரிட்டில ஊதாவா சாயம் விடும், பஞ்சு பாத்து முடிவு பண்ணாத" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே டிக்கெட் காசு சரியாகப் போயிற்று.

அப்புறம்தான் தட்டிப் பார்க்கிற வேலை. மெல்லிசாக அறுத்து வைத்த ஈட்டித் துண்டு ஒன்று கிடந்தது. அதன் நீளத்தில் மேலிருந்து கிட்டத்தட்ட கால் பங்கில், ஓரத்தில் இரண்டே விரலால் பிடித்துத் தொங்கவிட்டு, நடுவில் விரல் முட்டியால் தட்ட வேண்டும். அந்த இடத்தில் பலகை அதிகம் அசையாது, அதனால் பிடித்திருக்கும் விரல் ஒலியை அமுக்காது. தட்டினேன், டொக். நான் எதிர்பார்த்த மணி ஓசை இல்லை. இக்கா வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார், முடி மாதிரி ஒரு வெடிப்பு நான்கு இஞ்சுக்கு ஓடியிருந்தது, எனக்குக் கண்ணிலேயே படவில்லை. அடுத்து ஒரு பலாத் துண்டைக் கையில் கொடுத்தார். தட்டினேன். டிங்ங் என்று ஒரு சுரம், நான் அதைக் கீழே வைக்கும் வரை நீண்டது.

பலாவா என்று முகம் சுளித்தேன், ஒத்துக்கொள்கிறேன். தஞ்சாவூர் வீணையும் மிருதங்கமும் பலாதான் என்று தெரிந்தவன்தான் நான். ஆனால் கிதார் என்றவுடன் புத்தி ரோஸ்வுட்டிலேயே நின்றுவிடுகிறது. உண்மையில் ஒலியில் பெரும்பங்கு மேல்பலகையுடையது. ஸ்பெயினில் அந்தோனியோ தெ தோரஸ் என்கிற கிதார் செய்பவர் 1862-இல் முதுகையும் பக்கவாட்டையும் காகிதக்கூழில் செய்து, மேலே மட்டும் ஸ்ப்ரூஸ் போட்டுக் காட்டினார். சமீபத்தில் இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில், முதுகு மரம் மட்டும் வேறாக இருந்த 6 கிதார்களை, எது எதுவென்று தெரியாதபடி செய்து, 52 பேரை வாசிக்கச் சொன்னார்கள், விலை உயர்ந்த மரத்துக்குத் தனி மார்க் எதுவும் விழவில்லை. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம், ஆசை கேட்க வேண்டுமே.

ஈட்டியில் காகிதத் தொல்லையும் உண்டு. காட்டு இலாகா பாஸ் இல்லாமல் மாநில எல்லையான வாளையாறு தாண்டினால் வீண் வம்பு என்று இக்காவே சொல்லிவிட்டார். தமிழ்நாட்டில் ஈட்டியைக் காப்பதற்கென்றே 1994-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று போட்டிருந்தார்கள், சொந்த நிலத்து மரமானாலும் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது என்று. சரி என்று பலாவுக்கு மனதைத் திருப்பினேன்.

பலாவிலும் சும்மா எடுத்துவிட முடியாது. குறுக்குவெட்டில் பார்த்தால் வளைய வரிகள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும், படுத்துக் கிடந்தால் மழைக்காலத்தில் பலகை கிண்ணம் மாதிரி வளையும். வெளிறு (பட்டைக்கு அடுத்த வெளிர் பகுதி) இல்லாத, முழு வைரம் (நடுத்தண்டின் முற்றிய மரம்) வேண்டும். பக்கவாட்டைச் சூட்டில் வளைப்பதால் வரி நேராக ஓடுகிற இடமாகப் பார்க்க வேண்டும், முடிச்சுப் பக்கத்தில் எடுத்தால் வளைக்கும்போது பட்டென்று போய்விடும். அடுக்கில் இருபது பலகை புரட்டியிருப்போம், தேறியது இரண்டு. ஒரு இஞ்ச் கனம், 9 இஞ்ச் அகலம், 3 அடி நீளம், பழைய வீடு பிரித்த மரம், மஞ்சள் போய்ச் செம்பழுப்பு ஏறியிருந்தது. பில் வாங்கிக்கொண்டேன். தட்டுவதற்கு வைத்திருந்த அந்தச் சின்னத் துண்டையும் இக்கா காசு வாங்காமல் கொடுத்தார். ரயிலில் எதிர் சீட்டுச் சின்னப் பையன் அதைத் தட்டிக்கொண்டே வந்தான், அங்காடிப்புரம் வரைக்கும் தாங்கியது, அப்புறம் அவன் அம்மா பிடுங்கிவிட்டார்.

இப்போது இரண்டு பலகையும் பரண் நிழலில், நடுவே குச்சி வைத்து, காற்றாட அடுக்கியிருக்கிறேன். ஞாயிறுதோறும் சமையலறைத் தராசில் நிறுத்து, பென்சிலால் பலகை மேலேயே எழுதுகிறேன். வந்த அன்று ஒன்று 3 கிலோ 460 கிராம், இந்த வாரம் 3 கிலோ 405. எடை இறங்குவது நிற்கிற வரை ரம்பத்தைத் தொடுவதாக இல்லை. தராசை எடுத்த இடத்தில் வைக்கவில்லை என்று அம்மா கத்திக்கொண்டிருக்கிறார், போய் வைத்துவிட்டு வருகிறேன்.