கடல் இல்லாத ஊரில் ஒரு வத்தை

19 ஜனவரி 2025

ஒரு வத்தை வாங்கிவிட்டேன், பாய் கட்டி ஓட்டுகிற நாட்டுப்படகு. பதினெட்டு அடி நீளம், தட்டையான அடிப்பாகம், பாய்மரம் நட ஒரு ஓட்டை, அந்த ஓட்டைக்குள் ஒரு ஓணான். கடற்கரை ஊரான தொண்டிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் ஆறு வருடமாகக் கவிழ்த்துப் போட்டிருந்த வத்தை இது. வைத்திருந்தவரின் மகன்கள் ஃபைபர் படகுக்கு மாறிவிட்டார்கள். "இதுவரைக்கும் வெறகுக்குத்தான் கேட்டாங்க, நீங்கதான் படகுன்னு கேக்குறீங்க" என்று சிரித்துவிட்டு அடிக்கு ஆயிரம் என்று பதினெட்டாயிரத்துக்குக் கொடுத்தார். பேரம் பேசவில்லை. காரைக்குடியில் பழைய கதவு, தூண், உத்தரம் வாங்கி விற்கிற கடை வைத்திருப்பவன் பேரம் பேசாமல் ஒரு மரச்சாமான் வாங்கினேன் என்று தெருவில் சொன்னால் நம்பமாட்டார்கள்.

தொண்டிப் பக்கம் கோயில் திருவிழாக்களில் பாய்மரப் படகுப் போட்டி விடுவார்கள். போன வருடம் ஒன்றைப் பார்த்தேன். படகின் குறுக்கே ஒரு நீளப் பலகையைப் போட்டு, காற்று வரும் பக்கம் நீட்டி, அதன் நுனியில் கடலுக்கு மேலே ஆட்கள் ஏறி நிற்கிறார்கள். காற்று படகைச் சாய்க்கச் சாய்க்க, அந்த எடைதான் நிமிர்த்துகிறது. அன்றிலிருந்து தூக்கம் கெட்டது.

மினி லாரியில் பின்னால் சிவப்புத் துணி கட்டித் திருவாடானை, தேவகோட்டை வழியாகக் கொண்டுவந்தோம். டீ குடிக்க நிறுத்திய இடமெல்லாம் கூட்டம். வீட்டில் ஆத்தா ஒரே கேள்விதான் கேட்டது: "இத எந்தக் கம்மாயில விடப்போற?"

27 ஜனவரி

குத்தூசியால் குத்திக் குத்திப் பார்த்ததில் அடிப்பலகை இரண்டு அவுட். அணியத்தில் (முன்பக்கத்துக்கு அதுதான் பெயர்) வளைந்து ஏறும் பலகை ஒன்று பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. வங்குக்கால்களில், அதாவது விலா எலும்பு மாதிரி உள்ளே இருக்கும் சட்டங்களில், மூன்றைத் தவிர மற்றவை கல். இரும்பு ஆணி எங்கெல்லாம் துருப்பிடித்ததோ அங்கெல்லாம் மரம் கறுத்துச் செத்திருக்கிறது. ஆணியைச் சுற்றித்தான் மரம் முதலில் சாகும், இது வீட்டுக் கதவிலும் அப்படித்தான். இந்த ஒரு விஷயமாவது தெரிந்ததே என்று ஒரு சந்தோஷம்.

9 பிப்ரவரி

முதல் பாடம். கற்றுக்கொடுக்கிறவர் அறுபதைத் தாண்டியவர், தொண்டிக்காரர். எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி நானும் "பாய்" என்றுதான் கூப்பிடுகிறேன், ஆனால் "பாய் பாயை ஏற்றினார்" என்று எழுதிப் பார்த்தேன், சரிவரவில்லை. இங்கே பெரியவர் என்றே எழுதுகிறேன்.

கயிற்றை உடனே தொடவிடவில்லை. முதலில் காற்று. வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே சோழகம், மேற்கே கச்சான். பிறகு கண்ணை மூடச் சொல்லி, "இப்ப எங்கேருந்து வருது?" என்றார். கன்னத்தால் சொல்லணுமாம். நான் காட்டிய திசையில் ஒரு மீன் ஏல ஷெட் இருந்தது, காற்று இல்லை.

அப்புறம் பெயர்கள். பாயைத் தாங்குகிற குறுக்குக் கழி பருமல். அதை மேலே ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயின் கீழ் மூலையைப் பிடித்து இழுக்கவும் விடவும் இருக்கிற கயிறு தாமான். இந்தத் தாமான்தான் எல்லாம் என்றார். படகு மிரண்டால் முதலில் அதை விட்டுவிடு, பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும், பயப்படாதே, காற்று வெளியே போய்விடும், படகு நிற்கும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. நான் சுற்றியிருந்தேன்.

என் சந்தேகம் வேறு. பின்னாலிருந்து காற்று தள்ளினால் படகு போவது புரிகிறது. எதிர்க்காற்றில் எப்படிப் போகிறது? பெரியவர் ஊறவைத்த புளியங்கொட்டை ஒன்றை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினார். பிதுங்கி முன்னால் ஓடியது. ஒரு விரல் காற்று, ஒரு விரல் தண்ணீர் என்றார். தட்டையான அடி என்பதால் படகு பக்கவாட்டில் வழுக்கும், அதற்குத்தான் ஓரத்தில் ஒரு பலகையைத் தண்ணீருக்குள் இறக்குகிறார்கள். அது இல்லாவிட்டால் ஒரு விரலை எடுத்த மாதிரி. ஆனால் காற்றுக்கு நேர் எதிரே எந்தப் படகும் போகாது. நாற்பத்தைந்து டிகிரி அளவுக்கு விலகித்தான் போகணும், கொஞ்ச தூரம் இப்படி, கொஞ்ச தூரம் அப்படி.

2 மார்ச்

நோன்பு ஆரம்பித்துவிட்டது, பெருநாள் முடியும் வரை பாடம் இல்லை. "அதுவரைக்கும் மரவேலையப் பாருங்க, அணியத்துப் பலகைய மட்டும் நான் வந்தப்புறம் தொடுங்க" என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். நான் முப்பது வருடமாக மரம் பார்க்கிறவன். எதற்குக் காத்திருக்கணும்?

16 மார்ச்

காத்திருந்திருக்கலாம்.

கடையில் ஒரு பர்மாத் தேக்கு உத்தரம் கிடந்தது. பள்ளத்தூர்ப் பக்கம் இடித்த வீட்டில் எடுத்தது. இந்த ஊர் வீடுகளின் தேக்கெல்லாம் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்ததுதான். 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தபோது, கொண்டுவிக்கப் போனவர்கள் (கடல் கடந்து தொழில் செய்யப் போன செட்டியார்கள்) கடையையும் வயலையும் விட்டுவிட்டுத் திரும்பினார்கள், பிறகு ஒரு வீட்டுக்கு முப்பது நாற்பது பங்காளிகள் என்று ஆகி, ஒட்டுப்போடவும் ஆளில்லாமல் வீடுகள் இடிபட, அந்த மரத்தில்தான் என் அப்பாவும் நானும் சாப்பிட்டோம். கடலில் வந்த மரத்தைத் திரும்பக் கடலுக்கே அனுப்புகிறேன் என்று நண்பர்களிடம் ஒரு வாரமாகப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

உத்தரத்தை அறுத்து முக்கால் அங்குலப் பலகை எடுத்து, இரண்டு நாள் ஈரச்சாக்கு சுற்றிவைத்து, கீழே தென்னை மட்டையில் தீ மூட்டி, சூடு ஏற்றி, தண்ணீர் அடித்து, முனையில் கல் தொங்கவிட்டு வளைத்தோம். முதல் இரண்டு அங்குலம் வளைந்தது. எனக்கும் ஆசாரிக்கும் வாயெல்லாம் பல். மூன்றாவது அங்குலத்தில் வெடிச்சத்தம் மாதிரி ஒரு சத்தம், பலகை நீளவாக்கில் பிளந்து ஆசாரி காலுக்கு அரை அடி பக்கத்தில் விழுந்தது.

நூறு வருடம் கூரைக்குக் கீழே காய்ந்த மரம். கறையான் தொடாது, மழைக்கு அசையாது, ஆனால் வளையாது. வளைக்கிற பலகைக்கு ஈரப்பசை போகாத மரம் வேண்டும். இது எனக்குத் தெரியாத விஷயமா என்றால், இல்லை, தெரியும். கைக்கு வந்ததை விட மனசில்லை, அவ்வளவுதான். இன்றைய நஷ்டம் சுமார் ஒன்பதாயிரம். வீட்டில் நாலு என்று சொல்லியிருக்கிறேன்.

6 ஏப்ரல்

பெரியவரே காரைக்குடிக்கு வந்தார். பிளந்த பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் வலித்தது. அணியத்துக்குப் புதிதாக அறுத்த வேப்பம்பலகை, வளைந்து உட்கார்ந்துவிட்டது. என் தேக்கு வீணாகவில்லை: நேரான இடங்களான அடிப்பலகை, உட்காரும் குறுக்குப் பலகை, பாய்மரத்தின் கால் உட்காரும் கட்டை, சுக்கான் எல்லாம் அதுதான். தேக்கில் எண்ணெய் இருப்பதால் எபாக்சி பசை பிடிக்காது, ஒட்டுவதற்கு முன் தின்னர் போட்டு நன்றாகத் துடைக்கணும். இதை அவருக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். ஒன்றாவது!

மத்தியானம் கலப்பத்து. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் எண்ணெயில் தோய்த்த பஞ்சுத் திரியை மழுங்கிய உளியால் அடித்து இறக்கி, மேலே குங்கிலியத்தைப் பொடித்து எண்ணெயில் காய்ச்சி ஊற்றுவது. கெட்டியாக அடித்தால் பலகை விலகும், லேசாக அடித்தால் தண்ணீர் வரும். சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கணும் என்றார். "டொக்"கென்று இருந்த சத்தம் "டக்"கென்று மாறும்போது நிறுத்தணுமாம். எனக்கு எல்லாம் "டொக்"காகவே கேட்டது. ஆசாரிக்கு உடனே பிடிபட்டுவிட்டது. முகப்பு முழுக்கக் குங்கிலிய வாசனை, பக்கத்து வீட்டு ஆச்சி யாருக்கு என்ன விசேஷம் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

20 ஏப்ரல்

15-ஆம் தேதியிலிருந்து மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகுகள் போகக்கூடாது, நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. கடல் காலியாக இருப்பது என்னைப் போன்றவனுக்கு நல்லது.

பெரியவரின் வத்தையில் முதல்முறையாகத் தாமான் என் கையில். பாக் நீரிணையைப் பெண் கடல் என்கிறார்கள், தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடல். ஆழமும் குறைவு, அலையும் குறைவு. கரையிலிருந்து வெகுதூரம் போனாலும் அடியில் கடல்புல் தெரிகிறது. அந்தப் புல்லைத் தின்னத்தான் கடல்பசு வரும். இதற்கு வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுக் காப்பகமாக 2022-ல் அறிவித்தார்கள். ஆவுளியா என்று சொல்லும் பெரியவர் தன் வாழ்நாளில் பார்த்ததை விரல்விட்டு எண்ணினார், ஒரு கை போதுமாக இருந்தது.

பாயில் காற்று நிறைகிற அந்தக் கணம் சத்தம் நின்றுவிடுகிறது. படபடப்பு போய், படகுக்கு அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும். இதைப் பற்றி இன்னும் எழுத ஆசைதான். ஆனால் அடுத்த நிமிடமே திருப்பத்தில் பருமலை மரத்தின் மறுபக்கம் மாற்றிப் போடுகையில் என் மண்டையில் அடித்தது, இப்போது ஐஸ் கட்டியோடு உட்கார்ந்திருக்கிறேன்.

11 மே

அக்னி நட்சத்திரம். வேலை முடிந்த படகு வெயிலில் காய்ந்து இணைப்புகள் வாய் திறக்கின்றன. ஊருணியில் இரண்டு நாள் மிதக்கவிடலாமா என்று கேட்டேன். குடிக்கிற தண்ணீரில் காலைக் கழுவக்கூட விடாத ஊர் இது, கேட்டதே தப்பு. மூன்று பெரியவர்கள் முறை வைத்துத் திட்டினார்கள். கடைசியில் சணல் சாக்குகளை நனைத்து உள்ளும் புறமும் போர்த்தி, காலை மாலை தண்ணீர் ஊற்றுகிறேன். மனைவி துளசி மாடத்துக்கு ஊற்றுகிறாள், நான் படகுக்கு.

பாய்க்குத் துணி வாங்கும் வரை ஒத்திகைக்கு ஃப்ளெக்ஸ் பேனர் போதும் என்று பெரியவர் சொன்னார். கிடைத்தது ஒரு காதணி விழா பேனர். குழந்தை படம் இரண்டு ஆள் உயரம்.

1 ஜூன்

தொண்டிக்குக் கொண்டுபோய்த் தண்ணீரில் இறக்கினோம். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, பெரியவர் தன் பங்குக்குத் துஆ செய்து, பத்துப் பேர் தள்ளினார்கள். மிதந்தது. ஐந்து நிமிடத்தில் கணுக்கால் வரை தண்ணீர். என் முகத்தைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். பலகை ஊறி உப்பும்வரை அப்படித்தானாம், அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள். நான் போகவில்லை, பெயின்ட் வாளியால் இறைத்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் ஒரு மணி நேரத்துக்கு இரண்டு வாளி என்று குறைந்தது. மறுநாள் போனில், "பஞ்சால ஒத்தி எடுக்கலாம், அவ்வளவுதான்" என்றார்.

15 ஜூன்

தடைக்காலம் நேற்றோடு முடிந்தது. விடியுமுன் விசைப்படகுகள் எல்லாம் போய்விட்டன. காலை எட்டு மணிக்கு நான் தனியாக, லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, காதணிக் குழந்தையோடு.

கரையில் காற்றே இல்லாத மாதிரி இருந்தது, தண்ணீர் கண்ணாடி. கச்சான் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிறது, கரையோரத்தில் தென்னையும் வீடும் அதை மறைத்துவிடும் என்பது எனக்கு உறைக்கவில்லை. பெரியவரோடு போனபோது காற்று கடலிலிருந்து வந்தது, கிளம்புவதுதான் பாடு, திரும்புவது தானாக நடந்தது. இன்று தலைகீழ். ஏழெட்டு நிமிடம் ஜம்மென்று போனேன். திரும்பிப் பார்த்தால் மசூதி மினார் விரல் அளவுக்கு இருக்கிறது.

திருப்பினேன். படகு முன்னால் போகிறது, கரை மட்டும் கிட்டே வரவில்லை. இப்படி ஒரு ஓட்டம், அப்படி ஒரு ஓட்டம், நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் கரை இன்னும் கொஞ்சம் சின்னதாகிறது. ஃப்ளெக்ஸ் ஓரத்தில் கிழிய ஆரம்பித்தது. வாய் உலர்ந்துவிட்டது. அப்போதுதான் ஓரப் பலகையை இறக்கவே இல்லை என்று தெரிந்தது. படகுக்குள்ளேயே பத்திரமாகக் கட்டி வைத்திருக்கிறேன்! ஒற்றை விரலால் புளியங்கொட்டை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

பதற்றத்தில் முடிச்சும் அவிழவில்லை. பாயை இறக்கி நங்கூரம் போட்டேன். ஆழம் குறைந்த கடல், உடனே பிடித்துவிட்டது. அதுவரை காற்றில் பாதி போயிருந்த உயிர் திரும்பி வந்தது. ஒன்றே முக்கால் மணி நேரம் குழந்தையைத் தலைக்குப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரியவரின் மகன் ஃபைபர் படகில் வந்து கயிறு கட்டி இழுத்துப் போனான்.

கரையில் பெரியவர், "நங்கூரம் போட்டீங்கள்ல?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப சரி. சாப்பிட்டு அடுத்த வாரம் வாங்க."

அடுத்த வாரம் போகவில்லை. கடையில் வேலை என்று சொன்னேன், அப்படி ஒன்றும் வேலை இல்லை.

29 ஜூன்

போனேன். அதே கச்சான், போன தடவையை விடக் கொஞ்சம் பலம். புதுப் பாய், வெள்ளைத் துணி. மெத்தை தைக்கிற கடையில் தைத்தது, கொஞ்சம் மெத்தை மாதிரியும் இருக்கிறது. பெரியவர் படகில் ஏறவில்லை. காற்றோடு கொஞ்ச தூரம் மட்டும் போ, அறுநூறு எண்ணு, திரும்பு என்றார். ஓரப் பலகையை இறக்கிவிட்டு, அது இறங்கியிருக்கிறதா என்று மூன்று முறை கையால் தடவிப் பார்த்தேன்.

போனது பத்து நிமிடம், திரும்பியது ஐம்பத்தைந்து. பதினோரு திருப்பம். மூன்றாவதில் படகு பாதியிலேயே நின்று பின்னால் வழுக்கியது, தாமானை விட்டு, சுக்கானைத் திருப்பி, மறுபடி வேகம் எடுத்து ஆரம்பித்தேன். ஐந்தாவதிலிருந்து கணக்குப் பிடிபட்டது. அவசரப்பட்டுக் காற்றுக்கு ரொம்ப நெருக்கமாகப் போனால் படகு செத்துவிடுகிறது, கொஞ்சம் விலகி ஓடவிட்டால்தான் பலகை தண்ணீரைப் பிடிக்கிறது. ஒவ்வொரு ஓட்டத்திலும் எதிரே ஒரு அடையாளம் வைத்தேன். அந்த ஒற்றைத் தென்னை, நீலத் தண்ணீர்த் தொட்டி, ஏல ஷெட். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஷெட் ஒரு ஓடு அளவு பெரிதானது.

மணலில் தட்டி நின்றபோது கை இரண்டும் தோல் உரிந்து எரிந்தது. பெரியவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு மெதுவாக வந்து பின்பக்கம் குனிந்து பார்த்தார்.

"சுக்கான்ல புல்லு சுத்தியிருக்கு. அதோடயா ஓட்டிட்டு வந்தீங்க?"