ஸ்பிரிங் பூட் வைவா: "தானாகவே வரும் சேர்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்

"நீங்கள் டொம்கட் வெப் சேர்வரை எங்கேயும் நிறுவவில்லையே, பிறகு எப்படி 8080 போர்ட்டில் ஓடுகிறது?" ஜாவாவில் அப்ளிகேஷன் எழுத உதவும் ஸ்பிரிங் பூட் பற்றிய வைவா (வாய்மொழிப் பரீட்சை) முடிந்து பரமேஸ்வராச் சந்தியில் தேத்தண்ணி குடிக்க வந்த எங்கள் பற்ச் பெடியளில் பலர் சொன்ன கேள்வி இதுதான். தானாகவே வரும் என்று சொன்னவர்களை, எப்படித் தானாக வரும் என்று கேட்டுக் குடைந்திருக்கிறார்கள்.

மெயின் வகுப்பின் மேலே போடுகிற 'ஸ்பிரிங் பூட் அப்ளிகேஷன்' அனோட்டேஷனுக்குள் (@ போட்டு எழுதும் குறிப்பு) மூன்று அனோட்டேஷன்கள் இருக்கின்றன. அவற்றில் 'எனேபிள் ஆட்டோ கொன்ஃபிகரேஷன்' என்பதுதான் டொம்கட் போன்றவற்றைத் தானாக அமைக்கும் வேலையைப் பார்ப்பது. அதுவும் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் ஏற்றுவதில்லை. இன்ன வகுப்பு கிளாஸ்பாத்தில் (ஜாவா வகுப்புகளைத் தேடும் இடங்களில்) இருக்கிறதா, இந்த பீனை (ஸ்பிரிங் பராமரிக்கும் பொருளை) நீங்களே எழுதிவிட்டீர்களா என்று பார்க்கும். நீங்கள் எழுதியிருந்தால் பேசாமல் விலகிவிடும். இந்த விலகலைச் சொன்னாலே பாதி வைவா முடிந்த மாதிரி.

இதைப் பாடமாக்கி வராது, ஓட்டித்தான் பார்க்கவேண்டும். அப்ளிகேஷன் புரொப்பர்ட்டீஸ் கோப்பில் டீபக்கை ட்ரூ ஆக்கி ஓட்டுங்கள். எது பொருந்தியது, எது என்ன காரணத்தால் பொருந்தவில்லை என்று நீளமான அறிக்கை கொன்சோலில் வரும். நீளத்தைக் கண்டு பயப்படவேண்டாம், டேட்டாபேஸ் இணைப்பைத் தரும் 'டேட்டா சோர்ஸ்' என்று தேடி அந்த இடத்தை மட்டும் வாசியுங்கள். டேட்டாபேஸோடு வேலை செய்ய உதவும் ஜேபிஏ ஸ்டார்ட்டரோடு எச்2 என்ற சின்ன டேட்டாபேஸையும் சேர்த்திருந்தால், ஒரு வரி எழுதாமலே நினைவகத்தில் டேட்டாபேஸ் எழும்பும். அப்புறம் நூலகங்களைப் பட்டியலிடும் பொம் கோப்பிலிருந்து எச்2வை மட்டும் எடுத்துவிட்டு ஓட்டுங்கள். வேறு டேட்டாபேஸ் முகவரியும் கொடுக்காவிட்டால், டேட்டா சோர்ஸை அமைக்க முடியவில்லை என்று சொல்லி அப்ளிகேஷன் நின்றுவிடும். எந்த நோட்ஸையும் விட இந்தப் பிழைச்செய்தி நன்றாகப் படிப்பிக்கும்.

இன்னொரு பொறி, ஸ்பிரிங்கின் வெப் பகுதியான வெப் எம்விசிக்குரிய 'எனேபிள் வெப் எம்விசி' அனோட்டேஷன். பழைய ஸ்பிரிங் பாடங்களைப் பார்த்து அதையும் சேர்த்துவிடுவார்கள். பெயரைப் பார்த்தால் எதையோ இயக்குவது போலத்தான் இருக்கும். ஆனால் பூட்டில் அதைப் போட்டால், வெப் எம்விசிக்காக பூட் செய்துவைத்த இயல்பு அமைப்புகள் ஒதுங்கிவிடும். ஸ்டேட்டிக் ஃபோல்டரில் இருக்கும் சிஎஸ்எஸ் 404 காட்டும், பக்கம் மொட்டையாக நிற்கும். சின்ன மாற்றம்தான் தேவை என்றால் 'வெப் எம்விசி கொன்ஃபிகரர்' இன்டர்ஃபேஸை இம்ப்ளிமென்ட் செய்தால் போதும்.

பழைய நோட்ஸை வைத்துப் படிக்கிறவர்கள் ஒன்றைத் திருத்திக்கொள்ளுங்கள். ஆட்டோ கொன்ஃபிகரேஷன் வகுப்புகளின் பட்டியல் முன்பு ஸ்பிரிங் டொட் ஃபாக்டரீஸ் கோப்பில் இருந்தது. ஸ்பிரிங் பூட் 2.7இல் அதற்கென்று தனி இம்போர்ட்ஸ் கோப்பு வந்தது. 2022 நவம்பரில் வந்த 3.0 பழைய வழியை முழுதாக எடுத்துவிட்டது.