பம்பு ஊரிலிருந்து அணு உலைப் படிப்புக்கு

கோவையில் இயந்திரப் பொறியியல் முடித்து, கணபதி பக்கம் ஒரு பம்பு நிறுவனத்தின் சோதனைக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டே, பொறியியல் மேற்படிப்புக்கான கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதி, பின்னர் ஓர் ஐஐடியில் அணுசக்திப் பொறியியலில் எம்.டெக். முடித்தவன் நான். எங்கள் பகுதிக் கல்லூரிகளில் படிக்கும் தம்பி, தங்கைகள் இதைப் பற்றிக் கேட்கும்போது முதலில் எழுப்புவது, "இயற்பியல் பட்டம் இல்லாமல் இது முடியுமா?" என்ற ஐயத்தைத்தான். தாராளமாக முடியும். வெப்பப் பரிமாற்றமும் பாய்ம இயக்கவியலும் நன்றாகத் தெரிந்தவர்களுக்கு இத்துறையில் நிறைய வேலை இருக்கிறது.

நுழைய இரண்டு வழிகள் உண்டு. கேட் மதிப்பெண்ணைக் கொண்டு ஐஐடிகளில் எம்.டெக். சேர்வது ஒன்று, கான்பூர் ஐஐடியில் இதற்கெனத் தனிப் பாடப்பிரிவே இருக்கிறது. நான் படித்தபோது மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. மற்றொன்று, 1957 முதல் இயங்கிவரும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளி. கேட் மதிப்பெண் வழியாகவோ அவர்களே நடத்தும் இணையத் தேர்வு வழியாகவோ வடிகட்டி, நேர்காணலில் தேர்ந்தெடுத்து, ஓராண்டுப் பயிற்சிக்குப் பின் அறிவியல் அலுவலராகப் பணியில் அமர்த்துகிறார்கள். வீட்டுச் சூழல் காரணமாக உடனே சம்பளம் தேவைப்படுபவர்களுக்கு இரண்டாவது வழியே பொருத்தம் என்பது என் கருத்து. நான் சென்ற நேர்காணல்களில் ஒன்றில் அணுவைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. டெலிவரி வால்வை மூடிவைத்துவிட்டு மையவிலக்கு பம்பை ஏன் ஓட்டத் தொடங்குகிறோம் என்று கேட்டார்கள். ஓட்டம் இல்லாதபோது பம்பு எடுக்கும் திறன் குறைவு, அதனால் மோட்டாரின் மீது சுமை ஏறாது என்பதை டெஸ்ட் பெட்டில் நாள்தோறும் பார்த்தவன் என்பதால் வரைபடத்தோடு விளக்க முடிந்தது. இளநிலையில் படித்த அடிப்படைகளைத்தான் அவர்கள் துருவுகிறார்கள்.

முதல் பருவத்தின் பெரும்பகுதியை நியூட்ரான்களே எடுத்துக்கொண்டன. நியூட்ரான்களின் பரவலைக் கணக்கிட உதவும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளை இளநிலையில் மேலோட்டமாகப் படித்தவர்கள், சேருவதற்கு முன்பே அவற்றை ஒருமுறை ஊன்றிப் படித்துவிடுவது நல்லது. அந்தப் பருவத்தில் என்னை மிகவும் ஈர்த்தது தாமத நியூட்ரான்களின் பாடம். யுரேனியம்-235 பிளவுறும்போது பிறக்கும் நியூட்ரான்களில் 99 விழுக்காட்டுக்கும் மேலானவை உடனே வெளிப்பட, ஏறக்குறைய 0.65 விழுக்காடு மட்டும் பிளவுத் துண்டுகளின் சிதைவு வழியாகச் சற்றுப் பிந்தி வருகின்றன. அந்தச் சிறு பங்கு இல்லையென்றால் உலையின் திறன் ஒரு நொடிக்குள் பன்மடங்கு ஏறிவிடும். நியூட்ரான்களை உறிஞ்சி உலையை அடக்கும் எந்தக் கட்டுப்பாட்டுக் கோலாலும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. புளூட்டோனியம்-239-இல் இப்பங்கு 0.21 விழுக்காடுதான் என்பதால், புளூட்டோனியத்தை எரித்துக்கொண்டே புதிய எரிபொருளையும் உண்டாக்கும், கல்பாக்கத்தில் உள்ளது போன்ற வேக ஈனுலைகளின் வடிவமைப்பில் இது முக்கியமான கணக்கு. தாமத நியூட்ரான்களுக்கான சமன்பாடுகளைக் கணினியில் தீர்த்து வரைந்து பார்த்தபோதுதான், கோல்களை எவ்வளவு விரைவாக இறக்கினாலும், முதற்சரிவுக்குப் பிறகு நியூட்ரான் எண்ணிக்கை ஏறத்தாழ 80 நொடிக் காலமாறிலியோடு (அதாவது 80 நொடிக்கொருமுறை ஏறக்குறைய 37 விழுக்காடாகக் குறைந்து) நிதானமாகவே தணியும் என்பது எனக்கு உறைத்தது.

அதைவிடக் கனமான பாடம் சிதைவு வெப்பம். பிளவு வினை நின்ற பின்பும், எரிபொருளுக்குள் தேங்கிய பிளவுத் துண்டுகள் சிதைந்துகொண்டே வெப்பம் விடுகின்றன. நிறுத்திய கணத்தில் அது முழுத் திறனில் 6 முதல் 7 விழுக்காடு. ஒரு நாள் கழிந்தும் ஏறக்குறைய அரை விழுக்காடு. கூடங்குளத்தின் ஓர் உலை 1,000 மெகாவாட் மின்சாரத்துக்காக 3,000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. அதில் அரை விழுக்காடு என்பது 15 மெகாவாட்; நம் தோட்டத்துக் கிணறுகளில் ஓடும் 5 குதிரைத்திறன் மோட்டார்கள் ஏறத்தாழ 4,000 சேர்ந்து எடுக்கும் திறன். 2011-இல் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் நிலநடுக்கம் வந்ததும், ஓடிக்கொண்டிருந்த உலைகள் முறைப்படி நின்றுவிட்டன. ஆழிப்பேரலை டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்து, குளிர்விக்க வழியில்லாமல் போனபோது, எரிபொருளை உருக்கியது இந்த வெப்பம்தான்.

ஆகவே மின்சாரமும் பம்பும் இல்லாத நிலையிலும் வெப்பத்தை வெளியேற்றும் வழியையே என் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன். பம்பு செய்யும் ஊரில் வளர்ந்தவனுக்கு, பம்பே இல்லாமல் நீரை ஓடச் செய்யும் இயற்கைச் சுழற்சி பெரும் வியப்பாக இருந்தது. ஆய்வகத்தில் இருந்தது செவ்வக வடிவில் நிறுத்திய கண்ணாடிக் குழாய். அதன் கீழ்ப்பகுதியில் ஹீட்டர் சுருள், மேற்பகுதியைச் சுற்றிக் குளிர்நீர் உறை. ஹீட்டரைப் போட்டவுடன் ஒன்றும் நடக்காது. கீழே நீர் சூடேறிக்கொண்டே இருக்கும்போது, ஒரு மூலையில் பொருத்திய, வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிளின் கோடு திரையில் திடீரென மேலே எழும். சூடான நீர் அந்தப் பக்கக் குழாயில் ஏறத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஹீட்டரும் குளிர்விப்பானும் சமச்சீராக இருப்பதால் எந்தத் திசையில் ஓட்டம் தொடங்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. சில திறன் அளவுகளில் ஓட்டம் அலைபாய்ந்து, நின்று, எதிர்த்திசையில் திரும்பியும் ஓடும். அந்த அலைவு எப்போது எழும், குழாயின் விட்டமும் உயரமும் அதை எப்படி மாற்றும் என்பதுதான் என் ஆய்வேட்டின் பொருள். கல்பாக்கத்தின் 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையிலும், குளிர்விப்பானாகப் பயன்படும் திரவச் சோடியத்தின் இயற்கைச் சுழற்சியைக் கொண்டு சிதைவு வெப்பத்தைக் காற்றுக்கு வெளியேற்றும் தனி ஏற்பாடு இருக்கிறது. அதன் வரைபடத்தை முதன்முதலாகப் பார்த்த அன்று, எங்கள் கண்ணாடிக் குழாயின் முக்கியத்துவம் எனக்கு விளங்கியது.

விடுமுறையில் சூலூருக்கு வந்தால் வீட்டில் வேறு விதமான கேள்விகள். "ஏங் கண்ணு, அந்த உலைக்குள்ள போயிட்டு வந்தா ஒடம்புக்கு ஒண்ணும் ஆகாதா?" என்று பெரியப்பா கேட்டார். "அளவு பாத்துத்தானுங்க பெரியப்பா உள்ள விடுவாங்க" என்று சொல்லி, உடல் பெறும் கதிர்வீச்சை அளக்க மார்பில் அணியும் டி.எல்.டி. பட்டையைப் பற்றியும், பணியாளர் ஒருவர் ஐந்தாண்டுகளில் 100 மில்லிசீவெர்ட்டும் (உடல் பெறும் கதிர்வீச்சின் அலகு) எந்த ஓர் ஆண்டிலும் 30 மில்லிசீவெர்ட்டும் தாண்டக் கூடாது என்ற நம் நாட்டு வரம்பைப் பற்றியும் விளக்கினேன். இயற்கையிலிருந்தே ஒவ்வொருவரும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவெர்ட் பெறுகிறோம் என்றதும் அவர் மேலும் பல கேள்விகள் கேட்டார். இத்துறையில் படிப்பவர்கள் வீட்டாரின் அச்சத்தைத் தட்டிக்கழிக்காமல் எண்களோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இப்போது மூன்றாம் ஆண்டில் இருப்பவர்கள் வெப்பப் பரிமாற்றத்தையும் எண்ணியல் முறைகளையும் ஊன்றிப் படித்து, பைத்தான் நிரல்மொழியில் ஒரு சிறு வெப்பக் கடத்தல் கணக்கையாவது தாமாகத் தீர்த்துப் பார்க்கலாம். கேட் தேர்வு பெரும்பாலும் பிப்ரவரியில் நடக்கிறது. அதற்கான பதிவு முந்தைய ஆண்டின் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கிலேயே தொடங்கிவிடும்.