வடிப்பது வேறு, வாலையில் வடிப்பது வேறு

சோறு வடிக்கிறோம், கஷாயத்தைத் துணியில் வடிக்கிறோம், கண்ணீரும் வடிக்கிறோம். இத்தனை வேலை செய்யும் சொல் என்பதால், ‘காய்ச்சி வடித்தல்’ என்று பாடத்தில் படிக்கும் மாணவர்கள், காய்ச்சிவிட்டு வடிகட்டுவது என்றே பொருள் கொள்கிறார்கள். உப்புக்கரைசலைக் காய்ச்சி எட்டு மடிப்புத் துணியில் வடிகட்டினாலும் கீழே விழுவது உப்புநீர்தான். ஆவியாக்கி, அந்த ஆவியைக் குளிரவைத்துப் பிடித்தால்தான் உப்பு குடுவையிலேயே தங்கும்.

லத்தீனிலும் இதே சிக்கல்தான். ‘டிஸ்டில்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் ‘டெஸ்டில்லாரே’. ‘டே’ என்றால் கீழே, ‘ஸ்டில்லா’ என்றால் துளி. ஆகக் கீழே சொட்டுதல், அவ்வளவுதான். நெருப்பும் இல்லை, ஆவியும் இல்லை. ரோமானியர்கள் சளி ஒழுகுவதற்கும் இதையே சொன்னார்கள். திரி வழியாகக் கசியவிட்டு வடிகட்டுவதையும் பிற்கால ரசவாதிகள் இதே பெயரில் சேர்த்தார்கள்.

நம்மிடம் இன்னும் துல்லியமான சொல் இருக்கிறது: வாலை. சித்த மருத்துவத்தில் வடிக்கும் கருவிக்கு அதுதான் பெயர். ஓமத்தை ஊறவைத்து வாலையில் ஏற்றி இறக்கினால் கிடைப்பது ஓமத் தீநீர். தீயால் இறங்கிய நீர்! செய்முறையே பெயராகிவிட்டது. ‘வாலை வடித்தல்’ என்று எழுதினால் யாருக்கும் வடிகட்டி நினைவுக்கு வராது. பாடநூல்கள் இதையே உறுதியாகப் பிடித்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

வடிக்கும் கருவிக்கு அரபியில் ‘அல் அன்பீக்’ என்று பெயர், அதிலிருந்து வந்தது ஆங்கில ‘அலெம்பிக்’. கிரேக்க மூலமான ‘அம்பிக்ஸ்’ கிண்ணத்தைக் குறித்தது. வடிகலத்தின் மேல்மூடிக்கும் அதுவே பெயரானது. பிறகுதான் முழுக் கருவிக்கும் பரவியது. பொருத்தமான பெயர்தான், ஏனென்றால் கவனிக்க வேண்டிய இடம் மேலேதான். இன்றைய கண்ணாடிக் கருவியில் வெப்பமானியின் குமிழ், ஆவி வெளியேறும் பக்கக்குழாயின் வாய்க்கு நேராக நிற்க வேண்டும். திரவத்தில் அமிழ்த்தினால் அது குடுவையின் சூட்டைக் காட்டும், வெளியேறும் ஆவியின் சூட்டை அல்ல. எத்தனால்-நீர்க் கலவையில் ஆவி சுமார் 78 டிகிரியில் வெளியேறும்போது, கீழே கொதிக்கும் கலவை அதைவிடச் சூடாக இருக்கும்.

குடுவையை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. பொங்கினால் கலவையே குழாய்க்குள் ஏறிவிடும். குலுங்கிக் கொதிப்பதைத் தடுக்கும் பீங்கான் துண்டுகளைச் சூடேற்றுவதற்கு முன்பே போட வேண்டும். கொதிநிலையை நெருங்கிய பிறகு போட்டால் திரவம் சீறிக்கொண்டு வெளியே வரும். ஆவியைக் குளிரவைக்கும் குழாயான குளிர்விப்பானுக்குத் தண்ணீர் கீழ்முனையில் நுழைந்து மேல்முனையில் வெளியேற வேண்டும். மாற்றிக் கொடுத்தால் குழாயைச் சுற்றியுள்ள தண்ணீர் உறை முழுதும் நிரம்பாது, ஆவி குளிராமலே தப்பிவிடும்.