179ஆம் பேருந்தில் ஒரு வயோலா

சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் படிக்கிறாள் அக்கா மகள். மாணவர் இசைக்குழுவில் வயோலாவும் (வயலினைவிடச் சற்றுப் பெரிய தந்தி வாத்தியம்) வாசிக்கிறாள். ஒத்திகை முடிந்து 179இல் பூன் லே திரும்பும்போது, “பரீட்சை நேரத்தில் இதெல்லாம் தேவையாம்மா?” என்று வாயை விட்டுவிட்டேன்.

“மாமா, எல்லாரும் சுருதி சேர்க்க, ஓபோங்கற ஊதுகுழல் முதல்ல 440 ஹெர்ட்ஸ் கொடுக்கும். என் தந்தி 442ல இருந்தா சத்தம் வினாடிக்கு ரெண்டு தடவை ‘வொய்ங்... வொய்ங்’னு கூடிக் குறையும். சுருதி சேர்ந்ததும் அது நின்னுடும். வகுப்புல அது சமன்பாடு. இங்கதான் காதால கேட்டேன்.”

சரி, வாயடைத்துப் போனேன். இன்னொன்றும் சொன்னாள். குரூப் புராஜெக்டில் ஒருவர் தூங்கினாலும் மற்றவர்கள் சமாளித்துவிடலாம். இங்கே ஒருவர் அரை நொடி முந்தினாலே அரங்கம் முழுக்கக் கேட்டுவிடும். (என் அலுவலகத்துக்கும் ஓர் ஓபோ வேண்டும்!)

அப்புறம் இறங்கும்போது வயோலா பெட்டியை என் தோளில் மாட்டிவிட்டாள்.