அட்டையும் இல்லை, பூச்சியும் இல்லை

எங்கள் நாய் ஜிம்மி பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு போனதை முதல் நாள் பார்த்து வீடே சிரித்தது. முன்னங்கால்களை ஊன்றி, இஸ்தோப்பிலிருந்து குசினி வரைக்கும் ஒரே இழுவை. இரண்டாவது வாரம் யாரும் சிரிக்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "பூச்சிதான்டா, வேறென்ன" என்றார். மேல் லயத்து மாமா, மழைக்காலம் என்பதால், அட்டை ஏறியிருக்கும் என்று கையில் உப்போடு வந்துவிட்டார். வாலைத் தூக்கிப் பார்த்தோம். அட்டை இல்லை. சரி, பூச்சிதான் என்று பாமசியில் மாத்திரை வாங்கி இரண்டு தடவை கொடுத்தேன். காசு போனதுதான் மிச்சம். நாடாப்புழு என்றால் வாலடியிலும் மலத்திலும் அரிசி மாதிரி ஒட்டியிருக்கும். தெள்ளுப்பூச்சியால் வருவது அது. எல்லாப் பூச்சி மாத்திரைக்கும் கேட்காது. இதையெல்லாம் பிறகுதான் தெரிந்துகொண்டேன். நம்ம ஆளிடம் அரிசியும் இல்லை, தெள்ளும் இல்லை. கருவாடு அழுகிய மாதிரி ஒரு நாற்றம் மட்டும் இருந்தது. அதை என் போர்வையில் பூசிவிட்ட அன்றுதான் டவுனுக்குக் கிளம்பினேன்.

நாயை பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். த்ரீவீல்தான். மிருக வைத்தியர் காரியாலயத்தில் ஒரு மணிநேரம் உட்கார வைத்துவிட்டு, அதற்கப்புறம் கிளார்க் சாவகாசமாகச் சொன்னார்: "டொக்டர் இன்றைக்கு வரமாட்டார், மாடு பார்க்கப் போயிருக்கிறார்." வந்தவுடனேயே சொன்னால் என்ன? இரண்டாவது தடவை போனது போயா தினம், பௌர்ணமி லீவு. அது என் மடத்தனம், அவரைக் குறை சொல்ல முடியாது. போவதற்கு முன்னால் கோல் எடுத்துக் கேளுங்கள், கலண்டரையும் பாருங்கள்.

மூன்றாவது தடவை டொக்டர் இருந்தார். ஆனால் கிளார்க், "அட்டை எங்கே?" என்றார். ஒரு நிமிஷம் மாமாவின் உப்புதான் ஞாபகம் வந்தது. அவர் கேட்டது விசர்நாய்த் தடுப்பூசி போட்ட அட்டையை. அது வீட்டில் அலுமாரிக்குள். தம்பி படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். படமெல்லாம் செல்லாது என்றார். நானும் அசையவில்லை. சத்தம் கேட்டு டொக்டரே வெளியே வந்து போனில் பார்த்துவிட்டு, "வாங்க" என்றார்.

பிறகு இரண்டே நிமிஷம். மலவாய்க்கு இரண்டு பக்கமும், கடிகாரத்தில் 4, 8 இருக்கும் இடங்களில், நாற்ற நீர் ஊறும் சின்னப் பைகள் இருக்கின்றன. மலம் இறுகிப் போகும்போது அவை தானாகப் பிதுங்கிக் காலியாகும். இளகிப் போனால் உள்ளேயே தேங்கி அரிக்கும். நாங்கள் பாணைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தது, அது இளகியே போனது, எல்லாம் அப்போதுதான் பொருந்தியது. இப்போது பாலை நிறுத்திவிட்டு, சோற்றோடு அவித்த பூசணிக்காய் கொஞ்சம் சேர்க்கிறோம். வீட்டில் நீங்களே பிதுக்கப் போகாதீர்கள். ஒரு பக்கம் சிவந்து வீங்கினாலோ, சீழோ இரத்தமோ வந்தாலோ, போயா முடியட்டும் என்று காத்திருக்காமல் எங்கேயாவது கொண்டு ஓடுங்கள்.

டொக்டர் கையுறை போட்டு அமுக்கியபோது கிளார்க் ஏதோ ஃபைலோடு உள்ளே வந்தார். அந்த வாடை அறை முழுக்கப் பரவியது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறக்க ஓடியவர், நாங்கள் கிளம்பும்வரை அட்டையைப் பற்றி வாயே திறக்கவில்லை.