நீல இன்லண்ட்

எட்டு மாதமாக ஒரு வரி நகரவில்லை. ஒரு கூட்டத்தில் என் கதையை வாசித்து முடித்ததும் மூத்தவர் ஒருவர், "இதுல கதை எங்கேம்மா இருக்கு?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். கேள்வி தப்பில்லை, அந்தச் சிரிப்புதான் போகவே மாட்டேன் என்றது. முதல் வரியை அடிப்பேன், அழிப்பேன். ஒற்று மிகுமா மிகாதா என்பதிலேயே ராத்திரி கழிந்துவிடும்.

2023 டிசம்பரில் திருநெல்வேலி வெள்ளம் வடிந்ததும் மும்பையிலிருந்து அத்தை போன் செய்தாள். "குறுக்குத்துறை முருகன் கோயில் எப்படிட்டி இருக்கு? போன்ல சொன்னா மறந்துருவேன், எழுதிப் போடு."

மடித்து ஒட்டுகிற இன்லண்ட் லெட்டர் ஒன்று வாங்கினேன். பேனாவில் எழுதினால் அழிக்க முடியாது, இடமும் கொஞ்சம்தான். தாமிரபரணிக்குள்ளேயே நிற்கிற கோயில் அது. ஆறு பெருகினால் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அதெல்லாம் அத்தைக்கே தெரியும். அதனால் நான் பார்த்ததை மட்டும் எழுதினேன்: தூணில் அப்பியிருந்த சேற்றை விரலால் இழுத்தபோது உள்ளே குளிர்ந்த கல் தட்டுப்பட்டதை, சேற்றில் ஒரு சின்ன நத்தை கொம்பை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டதை. இடம் தீர்ந்து, ஓரத்தில் சாய்த்தும் எழுதினேன். ஒற்றுப்பிழை இருந்திருக்கும். திருப்பிப் படிக்காமல் ஒட்டித் தபால் பெட்டியில் போட்டேன்.

பத்து நாள் கழித்து அத்தையின் போன். நலம்கூட விசாரிக்கவில்லை.

"ஏட்டி, அந்த நத்தை பெறவு வெளிய வந்துதா?"

அன்று சாயங்காலமே இன்னும் நான்கு இன்லண்ட் வாங்கி வந்தேன்.